ஆசிட் பட்டால் வீங்குவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கொலுசுப் பட்டறை, ஸ்டீல் வெல்டிங் கடை, போர் தண்ணீரின் உப்புக்கறை படிந்த குளியலறை என்று சேலத்தில் ஆசிட் புழங்காத தெரு குறைவு. இம்மாதம் வந்த கடிதங்களில் பல, வேறு வேறு இடங்களிலிருந்து வந்தாலும், கேட்டது ஒன்றைத்தான்: ஆசிட் பட்ட நேரத்தைவிட அதற்குப் பிறகு ஏன் மோசமாகிறது? அவற்றை இங்கே சேர்த்துத் தருகிறோம்.

வெள்ளித் தூளைக் கரைக்க நைட்ரிக் ஆசிட் ஊற்றும்போது செம்புகை அண்ணன் முகத்தில் அடித்துவிட்டது. பத்து நிமிடம் இருமினார். அப்புறம் சரியாகி, சாப்பிட்டு, வேலையும் பார்த்தார். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். சரியானது மறுபடி எப்படி வந்தது?
– வாசகர், பனங்காடு

உங்கள் அண்ணனுக்கு நடுவில் சரியாகவே இல்லை. உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளியும் அதில் கலந்த செம்பும் நைட்ரிக் ஆசிடில் கரையும்போது எழும் செம்பழுப்புப் புகை நைட்ரஜன் டையாக்சைடு. குளியலறை ஆசிடின் ஆவி தண்ணீரில் சட்டென்று கரையும். அதனால் மூக்கிலும் தொண்டையிலுமே எரிந்து ஆளை விரட்டிவிடும். நைட்ரஜன் டையாக்சைடு அப்படியில்லை. தண்ணீரில் மெதுவாகத்தான் கரையும். மூக்கைத் தாண்டி, மூச்சுக்குழாயைத் தாண்டி, நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை போய், அங்கே இருக்கும் ஈரத்தில் சிறிது சிறிதாக நைட்ரிக் அமிலமாகவும் நைட்ரஸ் அமிலமாகவும் மாறும். அந்தப் பைகளின் சுவர் ஒரே ஒரு செல் கனம்தான்.

சிறு மூச்சுக்குழல்களைச் சுற்றியும் ரத்தக்குழாய்களை ஒட்டியும் மாஸ்ட் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. இவை உடம்பின் காவல் செல்கள். சேதம் தெரிந்ததும் இவை மூன்று கட்டமாக வேலை செய்யும். தயாராகப் பையில் வைத்திருக்கும் ஹிஸ்டமினை நொடிகளில் கொட்டும். அந்த முதல் இருமலில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம். அடுத்த சில நிமிடங்களில் புரோஸ்டாகிளாண்டின், லியூகோட்ரையீன் போன்றவற்றைப் புதிதாகத் தயாரித்து விடும். மூச்சுக்குழல் சுருங்குவது இவற்றால். பிறகு சில மணி நேரத்தில் சைட்டோகைன் என்னும் செய்திப் புரதங்கள் கிளம்பும். அவை ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை வரவழைக்கும். வந்த அணுக்கள் சும்மா இருப்பதில்லை, ஏற்கெனவே புண்பட்ட சுவரை மேலும் அரிக்கும். ரத்தக்குழாய் கசிந்து, காற்று இருக்கவேண்டிய இடத்தில் நீர் கோக்கும். புகை பட்ட 4 முதல் 24 மணி நேரத்துக்குள் இது நடப்பது வழக்கம். ராத்திரி இரண்டு மணி என்பது இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. மாஸ்ட் செல் மட்டுமே இதற்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; நுரையீரலின் சொந்தச் செல்களும், கிருமியையும் குப்பையையும் விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் சேர்ந்தே செய்கிற வேலை இது.

இனி ஒரு எச்சரிக்கை. இதே புகைக்கு இன்னொரு சுற்றும் உண்டு. 2 முதல் 6 வாரத்துக்குள் காய்ச்சல், வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சுத் திணறல் என்று திரும்ப வந்தால், சிறு மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபடத் தொடங்குகின்றன என்று பொருள். அண்ணனை ஒருமுறை நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப்போய் ஊதிப் பார்க்கும் சோதனை செய்துவிடுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும்.

இனி யாருக்காவது செம்புகை அடித்தால்: காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டிவந்து உட்கார வையுங்கள். நடக்க, பாரம் தூக்க விடாதீர்கள். உழைப்பு நீர் கோப்பதை விரைவாக்கும். நன்றாக இருக்கிறேன் என்றாலும் 24 மணி நேரம் மருத்துவமனைக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ‘ஆசிட் புகை’ என்று மட்டும் சொல்லாமல் ‘நைட்ரிக் ஆசிட் புகை, இத்தனை மணிக்கு’ என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த ஒரு சொல் இல்லாததால்தான் பலர் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் 94-க்குக் கீழே போனால் காத்திருக்கவே கூடாது. புகைக்கு மருந்தென்று கொடுக்கும் பாலும் வாழைப்பழமும் வயிற்றுக்குப் போகும், நுரையீரலுக்குப் போகாது.

பட்டறையைப் பொறுத்தவரை, இந்தப் புகை காற்றைவிடக் கனமானது. கூரைக்கு அடியில் ஃபேன் வைத்தால் புகை உங்கள் முகத்தைத் தொட்டுக்கொண்டுதான் மேலே போகும். பாத்திரத்தின் விளிம்பு மட்டத்தில், நீங்கள் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உறிஞ்சும் குழாய் வேண்டும். தண்ணீரில் ஆசிடை ஊற்றுங்கள், ஆசிடில் தண்ணீரை அல்ல. தூளை மொத்தமாகக் கொட்டாமல் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள்; கரைசல் சூடேறினால் நிறுத்தி ஆறவிடுங்கள். கைக்குட்டை, துணி மாஸ்க், என்95 மூன்றும் வாயுவைத் தடுக்காது. ஆசிட் வாயுவுக்கென்று விற்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கூட எல்லாமே நைட்ரஜன் ஆக்சைடைத் தாங்காது. அந்த வாயுவின் பெயர் லேபிளில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பாடத்தில் மாஸ்ட் செல் என்றாலே அலர்ஜி, ஐ.ஜி.இ. ஆன்டிபாடி என்றுதான் வருகிறது. ஆசிடுக்கு ஆன்டிபாடி கிடையாதே, பின் எப்படி அது மாஸ்ட் செல்லைத் தூண்டும்?
– நர்சிங் மாணவி, சூரமங்கலம்

கேட்கவேண்டிய கேள்வி. முதலில் ஒன்று செய்து பாருங்கள். மூடிய பேனாவின் மொட்டை முனையால் முன்கையில் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். சில நொடிகளில் கோடு சிவக்கும். ஒரு நிமிடத்துக்குள் அதைச் சுற்றி மங்கலான சிவப்பு பரவும். அழுத்தம் போதுமானால் கோடு மெல்லத் தடித்து எழும். 1927-இல் தாமஸ் லூயிஸ் விவரித்த மூன்று கட்டங்கள் இவை. இங்கே ஆன்டிபாடி ஏது? வெறும் அழுத்தம்தான். மாஸ்ட் செல்லுக்குக் கதவுகள் பல, ஐ.ஜி.இ. அதில் ஒன்று.

1878-இல் பால் எர்லிக் சாயமேற்றிப் பார்த்தபோது, செல் முழுக்கத் துகள்கள் நெருக்கியடித்து இருப்பதைக் கண்டு, கொழுக்கத் தீனி தின்ற செல் என்ற பொருளில் ‘மாஸ்ட்’ என்று பெயர் வைத்தார். அந்தத் துகள்களுக்குள்ளேயே பி.எச். ஏறக்குறைய 5.5, அதாவது அமிலம். அந்த அமிலத்தில்தான் ஹிஸ்டமின் ஹெப்பாரினோடு கட்டுண்டு கிடக்கிறது. வெளியே 7.4 உள்ள திசு நீருக்கு வந்ததும் கட்டு அவிழ்ந்து பரவுகிறது. ஆக, ஆசிட் என்றாலே மாஸ்ட் செல்லுக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே விஷயம்.

வெளிப்பக்கம் அமிலமானால் அதை உணர செல்களின் மேல் ஜி.பி.ஆர்.65, ஜி.பி.ஆர்.68 போன்ற ஏற்பிகள் உண்டு. அமிலம் வெளிவிடும் புரோட்டான் வந்து ஒட்டினால் இவை விழிக்கும். பெரிய மாற்றம்கூடத் தேவையில்லை. பி.எச். 7.4-இலிருந்து 6.8-க்கு இறங்கினால் புரோட்டான் அளவு நான்கு மடங்காகிவிடும். வீங்கிய திசுவில் இது சாதாரணம். எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த மாஸ்ட் செல்களை அமிலச் சூழலில் வைத்து ஐ.ஜி.இ. வழியாகத் தூண்டியபோது இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-13 என்ற சைட்டோகைன்கள் இரண்டும் கூடுதலாக வந்தன. இதைக் கவனமாகப் படியுங்கள். லேசான அமிலம் செல்லை வெடிக்கவைத்தது என்பதல்ல முடிவு. ஏற்கெனவே தூண்டப்பட்ட செல்லின் குரலை உயர்த்தியது என்பதுதான். லாக்டிக் அமிலத்தை வைத்துச் செய்த சோதனைகளில் இன்டர்லூக்கின்-33-க்கு மாஸ்ட் செல் கொடுக்கும் பதில் குறைந்தும் இருக்கிறது. எந்த அமிலம், எவ்வளவு, கூடவே வேறென்ன தூண்டல் என்று மூன்றையும் சொல்லாமல் ‘ஆசிட் மாஸ்ட் செல்லைத் தூண்டும்’ என்று தேர்வில் எழுதினால் அது பாதி விடைதான்.

கடுமையான ஆசிட் வேறு வழியில் வருகிறது. அது மேல்தோல் செல்களை உடைக்கிறது. உடைந்த செல்லிலிருந்து, அதன் எரிபொருளான ஏ.டி.பி.யும் இன்டர்லூக்கின்-33-உம் கசிகின்றன. வீட்டுக்குள் இருக்கவேண்டிய பொருள் தெருவில் கிடந்தால் அக்கம்பக்கம் பதறுவதுபோல, இவற்றைக் கண்ட மாஸ்ட் செல் ஐ.ஜி.இ. இல்லாமலே எழுந்துவிடும்.

மூன்றாவது, நரம்பு வழி. எங்கள் பார்வையில் இதுதான் நோயாளியின் படுக்கைக்கு அருகில் நின்று புரிந்துகொள்ள வேண்டியது. வலி நரம்பின் முனையில் டி.ஆர்.பி.வி.1 என்ற வாயில் இருக்கிறது. டேவிட் ஜூலியஸ் குழு 1997-இல் கண்டுபிடித்தது. அவருக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாயின் காரமும், 43 டிகிரிக்கு மேற்பட்ட சூடும், பி.எச். 6-க்குக் கீழான அமிலமும் திறப்பது இதே வாயிலைத்தான். அது திறந்ததும் நரம்பு வலியை மூளைக்கு அனுப்புவதோடு, தன் முனையிலேயே சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளையும் கொட்டுகிறது. அது மாஸ்ட் செல்லின் எம்.ஆர்.ஜி.பி.ஆர்.எக்ஸ்.2 ஏற்பியில் உட்கார்ந்து துகள்களைக் கக்கவைக்கிறது. கக்கிய ஹிஸ்டமினும் டிரிப்டேஸ் என்ற நொதியும் திரும்பிப் போய் நரம்பை இன்னும் கூச்சமாக்குகின்றன. நரம்பு மறுபடி மாஸ்ட் செல்லைக் குத்துகிறது. ஆசிடைக் கழுவி முடித்த பின்னும் அந்த இடம் துடிப்பதற்கு இந்தச் சுற்றும் ஒரு காரணம். முதல் நிமிடத்திலேயே தண்ணீர் ஊற்றச் சொல்வது இதற்காகவும்தான்: சுற்று தொடங்குமுன் புரோட்டானைக் கழுவி வெளியேற்ற வேண்டும்.

எனக்கு ஆறு மாதமாக நெஞ்செரிச்சல். ஹிஸ்டமினால்தான் ஆசிட் சுரக்கிறது என்று படித்தேன். அப்படியானால் சளிக்குப் போடும் செட்டிரிசினே போதாதா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

போதாது. நீங்கள் படித்தது சரிதான்: வயிற்றில் ஒருவகைச் செல்கள் ஹிஸ்டமினை விட்டு அமிலத்தைச் சுரக்கவைக்கின்றன. ஆனால் அது எச்2 ஏற்பி வழியாக. செட்டிரிசின் அடைப்பது எச்1 ஏற்பியை. தும்மலுக்கும் அரிப்புக்கும் அது. எச்2-ஐ அடைப்பது ஃபமோடிடின் வகை. பான்டோபிரசோல் வகை இரண்டுக்கும் அப்பால், அமிலத்தை வெளியேற்றும் பம்பையே நிறுத்துகிறது.

உணவுக்குழாய் ‘வெந்துபோகிறது’ என்ற பழைய எண்ணமும் திருத்தப்பட்டு வருகிறது. 2016-இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், உணவுக்குழாய்ப் புண் ஆறிய 12 பேர் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தினார்கள். ஆசிட் வெந்த புண்ணென்றால் மேற்பரப்பு முதலில் அரிக்க வேண்டும். நடந்தது வேறு. ஆழத்தில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்கள் முதலில் சேர்ந்தன, மேற்பரப்பு அப்போது நன்றாகவே இருந்தது. ஆசிட் படும் செல்கள் தாமே சைட்டோகைன் விட்டு அணுக்களை வரவழைக்கின்றன என்ற கருத்துக்கு இது வலு சேர்த்தது. ஒரு மாத்திரை போட்டதும் எரிச்சல் நின்றாலும் புண் அன்றே ஆறாது, வாரக்கணக்கு ஆகும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பான்டோபிரசோல் வகை மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி முன்பு, மெல்லாமல் விழுங்குங்கள். சாப்பிட்ட பின் போட்டால் பலன் குறையும். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்குக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி நிலைமை மோசமாகும். இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். மிளகாயைக் குறைக்கச் சொல்வது ஏன் என்று மேலே டி.ஆர்.பி.வி.1 பற்றிச் சொன்னதில் இருக்கிறது: ஆசிடும் காரமும் ஒரே வாயிலைத் தட்டும்போது எரிச்சல் கூடும். ஆறு மாதமாக இருக்கிறது என்கிறீர்கள். விழுங்கும்போது அடைத்தால், எடை குறைந்தால், மலம் தார்போலக் கறுத்தால் உடனே எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும். இவை இல்லாவிட்டாலும் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள்.

காபித் தோட்டத்தில் நிழல் மரம் கவாத்து செய்யும்போது முசுறு கடித்தால் எரிகிறது, வீங்குகிறது. குளவி கொட்டியதும் இதுவும் ஒன்றா?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

இரண்டும் வேறு. இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்புக்குக் கொடுக்கு கிடையாது. தாடையால் கடித்துத் தோலைக் கிழித்து, வயிற்று நுனியை வளைத்து அதன்மேல் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. உடனே சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வைத்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் அடங்கும். சுண்ணாம்பு தடவ வேண்டாம், கிழிந்த தோலில் அது தனிப் புண்ணாகும். மரத்தில் ஏறும்போது கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

குளவி விஷத்தில் மாஸ்டோபாரன் என்ற பொருள் இருக்கிறது. பெயரே சொல்வதுபோல அது நேராக மாஸ்ட் செல்லைக் கக்கவைக்கும். ஒருமுறை கொட்டுப்பட்டவருக்கு ஐ.ஜி.இ.யும் உருவாகியிருந்தால் உடம்பு முழுக்க உள்ள மாஸ்ட் செல்கள் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். கொட்டிய இடத்துக்கு அப்பால் தடிப்பு, குரல் கரகரப்பு, வாந்தி, மயக்கம் வந்தால் அது அனஃபிலாக்ஸிஸ், உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. பெரியவர்களுக்குத் தொடையின் வெளிப்புறத் தசையில் 0.5 மி.கி. அட்ரீனலின் போட வேண்டும். ஆயிரத்தில் ஒன்று கரைசலில் அது அரை மி.லி. அலர்ஜிக்கு வழக்கமாகப் போடும் ஏவில், டெக்ஸா ஊசிகள் அதற்கு மாற்று அல்ல. சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஊசியை மலையிலேயே போட்டுவிட்டு, ஆளைப் படுக்கவைத்து, காலை உயர்த்திக் கொண்டுபோங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்காரவையுங்கள். மருத்துவமனையில் ரத்தத்தில் டிரிப்டேஸ் பார்ப்பதென்றால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒருமுறை, 24 மணி நேரம் கழிந்து மறுமுறை எடுக்க வேண்டும். இரண்டாவது எண்ணை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டுங்கள். முதல் எண் அதைத் தாண்டியிருந்தால் மாஸ்ட் செல் வேலைதான்.

காபிப் பழம் ஊறும் தொட்டியில் கைவிட்டுக் கழுவினால் கை அரிக்கிறது. கிடங்கில் பச்சைக் கொட்டையை மூட்டை பிடித்தால் தும்மல். இரண்டும் அந்த ஆசிடா?
– வாசகி, ஏற்காடு

தொட்டி ஆசிட், கிடங்கு அலர்ஜி. கொட்டையின் மேலுள்ள கொழகொழப்பு புளிக்கும்போது தொட்டி நீரின் பி.எச். ஏறக்குறைய 4 வரை இறங்கும். மனிதத் தோலே 5-ஐ ஒட்டிய அமிலம்தான், அதனால் ஒருமுறை தொட்டால் ஒன்றுமில்லை. மணிக்கணக்கில் ஊறித் தோல் வெளுத்துச் சுருங்கியபின் அமிலம் உள்ளே புகுகிறது. வேலை முடிந்ததும் துணி சோப்பால் தேய்ப்பதே பெரிய தவறு. அது 9, 10 என்ற காரம். தோலின் காப்பு மறுபக்கத்திலிருந்தும் போய்விடும். வெறும் தண்ணீரில் அலசி, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வாஸலினோ தடவுங்கள். முழங்கை வரை ரப்பர் கையுறை வேண்டும். உள்ளே தண்ணீர் புகுந்தால் கழற்றிவிடுங்கள், அதோடு வேலை செய்வது வெறுங்கையைவிட மோசம்.

பச்சைக் காபிக் கொட்டைத் தூசிக்கு ஐ.ஜி.இ. உருவாவது தொழில் மருத்துவத்தில் நன்கு தெரிந்த விஷயம். முன்பு ஆமணக்கு கட்டிய சாக்கை மறுபடி பயன்படுத்தினால் இன்னும் கடுமையாகும். இங்கே என்95 உதவும், ஏனென்றால் இது வாயு அல்ல, தூசி. லீவு நாளில் சரியாகி வேலை நாளில் திரும்பினால், தும்மல் ஆஸ்துமாவாகுமுன் மருத்துவரிடம் தோல் சோதனை கேளுங்கள்.

உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றினேன், போகவில்லை. மேலே பிளீச்சிங் பவுடர் போட்டதும் நெடி தாங்கவில்லை. என்ன ஆனது?
– வாசகி, அம்மாப்பேட்டை

குளோரின் வாயு வந்திருக்கிறது. இரண்டையும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். குளோரின் காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனம், தரையோடு தங்கும். குனிந்து துடைக்க நினைக்காமல் கதவைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள், குழந்தைகளை முதலில். ஒரு நாள் கழித்தும் இளைப்பு இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒரே முறை பட்ட வாயுவாலும் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் ஆஸ்துமா வரலாம். போர் தண்ணீர் உப்புக்கு வினிகரில் நனைத்த துணியை அரை மணி போர்த்தி வைத்துத் தேய்த்தாலே பெரும்பகுதி வந்துவிடும்.

எஸ்.எஸ். கேட் வெல்டிங்கில் கறுப்பு போக பிக்கிளிங் பேஸ்ட் தடவுகிறோம். விரலில் பட்டபோது ஒன்றும் தெரியவில்லை, மாலையில் எலும்புக்குள் குத்துகிறது. தோலில் காயமே இல்லையே?
– வாசகர், கொண்டலாம்பட்டி

இந்தக் கடிதத்துக்குத் தபாலிலேயே உடனே பதில் போட்டோம், மற்றவர்களுக்காக இங்கே. அந்த பேஸ்டில் நைட்ரிக் ஆசிடோடு ஹைட்ரோஃபுளோரிக் ஆசிடும் இருக்கிறது. மேலே சொன்ன எல்லா ஆசிடுகளிலிருந்தும் இது வேறுபட்டது. தோலைச் சுடாமலே ஊடுருவி, உள்ளே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலி பல மணி நேரம் கழித்தே வரும். இதை வெறும் அழற்சி என்று நினைத்து வலி மாத்திரை போடுவது ஆபத்து. அதிக இடத்தில் பட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி இதயம் நிற்கலாம்.

பட்டதும் வலிக்காகக் காத்திருக்காதீர்கள். மோதிரத்தைக் கழற்றி ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைக் கையுறை போட்டுத் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள், பேஸ்ட் டப்பாவின் லேபிளோடு. ஜெல் கிடைக்காவிட்டால் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஊசி மருந்து ஒரு பங்கோடு, நீரில் கரையும் கே.ஒய். ஜெல்லி மூன்று பங்கு கலந்தால் அதே அளவு வரும். இரண்டும் மருந்துக்கடையில் விலை குறைவு. வாங்கி முதலுதவிப் பெட்டியில் வைத்த பிறகு பேஸ்ட் டப்பாவைத் திறங்கள்.